‘இரட்சிக்கப்பட்டீங்களா?’ என்ற கேள்வியின் பொருள்

நீங்கள் கேட்டது இது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஒரு பெரியவர் உங்கள் கையில் கைப்பிரதி ஒன்றைக் கொடுத்து, ‘தம்பி, இரட்சிக்கப்பட்டீங்களா?’ என்று விசாரித்திருக்கிறார். அறையில் உடன் தங்கியிருக்கும் சி.எஸ்.ஐ. நண்பரிடம் அதைச் சொன்னபோது, ‘நான் பொறந்ததுலேருந்தே கிறிஸ்தவன், தேதி கேட்டா எப்படிச் சொல்றது?’ என்றாராம். அலுவலகத்துக் கத்தோலிக்க நண்பரோ, ‘நாங்க மீட்புன்னு சொல்வோம், அது சாகிற வரைக்கும் நடக்கிற காரியம்’ என்று முடித்துக்கொண்டார். ஆகவே இரட்சிப்பு என்பது இறந்தபின் மோட்சம் போவதா, ஒரு குறிப்பிட்ட நாளில் நிகழும் அனுபவமா, அல்லது உங்கள் வீட்டில் முக்தி என்று சொல்வதுதானா என்பது உங்கள் ஐயம். வேப்பேரியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்களிடம் பேசிய மூவருமே ஆளுக்கு ஒரு பக்கமாகச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இரட்சித்தல் என்பது காத்தல் என்று பொருள்படும் வடசொல்லின் வழியாக வந்தது. ‘தாயே, ரட்சிக்கணும்’ என்று அம்மன் சந்நிதியில் கைகூப்புகிறவர் சொல்வதும் இதே சொல்தான். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்து 1791-இல் மறைந்த பப்ரிசியஸ் என்ற ஜெர்மானியர் வேப்பேரியில் இருந்துகொண்டு வேதாகமத்தை மறுபடியும் தமிழாக்கினார். பிற்பாடு வந்த மொழிபெயர்ப்பாளர்கள் அவருடைய நடையைப் பெரிதும் பின்பற்றியதால், சீர்திருத்தச் (புராட்டஸ்டண்டு) சபைகளின் வாயில் இன்றும் ‘இரட்சிப்பு’ நிற்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மீட்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். சொல் இரண்டானாலும் சுட்டும் காரியம் ஒன்றே. ஆயினும் ஒவ்வொன்றும் அதன் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

வேதாகமத்தில் இந்தச் சொல் முதலில் மறுமையைப் பற்றிப் பேசவில்லை. முன்னே செங்கடல், பின்னே பார்வோனின் இரதங்கள் என்று நடுங்கி நிற்கும் அடிமை மக்களிடம், ‘இன்றைக்குக் கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்’ என்று மோசே சொல்கிறார். அங்கே இரட்சிப்பு என்றால் கொத்தடிமைத்தனத்திலிருந்து உயிரோடு வெளியேறுவது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டிலும் அப்படியே. கடலில் மூழ்கத் தொடங்கிய சீடர் பேதுரு ‘ஆண்டவரே, என்னை ரட்சியும்’ என்று கூப்பிடும் வினைச்சொல்லும், பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் அவதிப்பட்ட பெண்ணிடம் இயேசு ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்று சொல்லும் வினைச்சொல்லும் கிரேக்க மூலத்தில் ஒன்றேதான். மூழ்குகிறவனைத் தூக்குவது, நோயாளி சுகமாவது, அடிமை விடுதலையாவது ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். இயேசு என்ற பெயருக்கே ‘கர்த்தர் இரட்சிக்கிறார்’ என்றுதான் பொருள். அந்தப் பெயர் ஏன் சூட்டப்பட வேண்டும் என்பதற்கு மத்தேயு சொல்லும் காரணத்தை மூலத்தில் அப்படியே படித்தால், ‘தம் மக்களை அவர்களுடைய பாவங்களிலிருந்து இரட்சிப்பார்’ என்று இருக்கிறது. தண்டனையிலிருந்து என்று அங்கே இல்லை என்பதை நான் பிள்ளைகளிடம் எப்போதும் அடிக்கோடிடச் சொல்வேன். நரகத்துக்குத் தப்புவது மட்டுமே இரட்சிப்பு என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு வசனத்தை நிதானமாகப் படித்தாலே போதும்.

அப்படியானால் பாவம் என்பது என்ன? ‘ஐயோ பாவம்’ என்று நாம் இரக்கப்பட்டுச் சொல்லும் வழக்கில் கிறிஸ்தவக் கருத்துக்கு நெருக்கமான ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. பாவம் செய்தவன் குற்றவாளி மட்டுமல்லன், பரிதாபத்துக்கும் உரியவன். பொய், களவு, கொலை என்று பட்டியலிடும் செயல்கள் நோயின் அறிகுறிகள் மாத்திரமே. நோய், படைத்தவரை விட்டு மனிதன் விலகிப்போனது. லூக்கா நற்செய்தியில் வரும் கதையில் இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், அங்கே பன்றி மேய்க்கும் நிலைக்கு இறங்குகிறான். அவன் செலவழித்த பணத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ‘காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்’ என்றுதான் சொல்கிறார்.

முக்தியோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு பக்கத்தாரும் அவசரப்பட்டுப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பதும் சரியில்லை, ‘ஒட்டே இல்லை’ என்பதும் சரியில்லை. மனிதனைக் கட்டிவைத்திருக்கும் ஆணவ மலம் தன் முயற்சியால் மாத்திரம் நீங்காது, அருள் வேண்டும் என்று சைவ சித்தாந்தம் சொல்லும்போது கிறிஸ்தவன் தலையாட்டத்தான் வேண்டும். வேறுபாடு போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவது முக்தி. கிறிஸ்தவத்திலோ உடலும் இந்த உலகமும் கழற்றி எறியப்பட வேண்டியவை ஆவதில்லை. ‘சரீரம் உயிர்த்தெழுதலை’ நம்புகிறோம் என்றுதான் சபை ஞாயிறுதோறும் அறிக்கை செய்கிறது, சிருஷ்டி முழுவதும் அந்த விடுதலைக்காகத் தவித்துக் காத்திருப்பதாக, புதிய ஏற்பாட்டு நிருபங்கள் பலவற்றை எழுதிய அப்போஸ்தலர் பவுல் சொல்கிறார். நம் மொழியில் ‘வீடு’ என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள், இல்லம் என்றும் பொருள். இரட்சிப்பைச் சொல்ல எனக்கு இரண்டாவது பொருள்தான் கூடுதலாகப் பொருந்துகிறது: ‘என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு’ என்றாரே, அந்த வீடு.

இனி மீட்பு. சென்னையில் அடகுக்கடை இல்லாத தெரு குறைவு என்பதால் இதை விளக்குவது எளிது. அவசரத்துக்குத் தாலிச் சங்கிலியை வைத்துப் பணம் வாங்கியிருப்பார்கள். வட்டி ஏறும், தவணை தவறும், கடைசியில் ‘நகை மூழ்கிடுச்சு’ என்பார்கள். மூழ்கும் முன் யாராவது அசலையும் வட்டியையும் கட்டி ரசீதைக் கொடுத்து நகையை வாங்கிவந்தால் அதற்குப் பெயர் மீட்பது. இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. நகை முதலிலிருந்தே வீட்டுக்குச் சொந்தமானது. அது தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாது. மீட்பதற்கு ஒரு விலை உண்டு. பழைய ஏற்பாட்டிலும் கடன்பட்டு நிலத்தை விற்றவனுக்காக நெருங்கிய உறவினன் பணம் கட்டி அதை மீட்கும் முறை இருந்தது; ரூத்தின் கதை அந்த முறையின்மேல் நடக்கிறது. இயேசு தம் மரணத்தை அநேகரை மீட்கும் பொருளாகச் சொன்னபோது, கேட்டவர்களின் மனத்தில் இந்த உறவினன் வந்திருக்கலாம். இடையில் ஒரு செய்தி: வேப்பேரியில் இந்த வசனங்களையெல்லாம் தமிழில் எழுதிய பப்ரிசியஸ், முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறையில் இருந்தவர். மீட்பு என்ற சொல்லின் எடை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் எந்த உவமையையும் அளவுக்கு மீறி இழுத்தால் அறுந்துவிடும். விலை கட்டப்பட்டது என்றால் யாரிடம் கட்டப்பட்டது? அடகுக்கடைக்காரர் யார்? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற இறையியலாளர் அது சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டதென்று கருதினார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார், திருடனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா என்று அதைக் கடுமையாக மறுத்தார். பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம், மனிதன் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய மேன்மையைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்று விளக்கினார். சீர்திருத்தவாதிகள் அதை நீதிமன்ற மொழியில், குற்றவாளியின் தண்டனையைத் தாமே ஏற்றவர் என்று சொன்னார்கள். கிழக்கத்தியச் சபைகள் நோய், மருந்து என்ற மொழியை விரும்புகின்றன. நம்மை அவருடைய இயல்பில் பங்குபெறச் செய்யவே அவர் நம் இயல்பை எடுத்தார் என்பது அவர்களுடைய உயிர்நாடியான வாக்கியம். இவற்றுள் ஒன்றை மாத்திரம் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுவது நல்லதல்ல என்று நினைக்கிறேன். பழைய விசுவாசப் பிரமாணங்கள்கூட ‘நமது இரட்சிப்புக்காக’ அவர் இறங்கி வந்தார் என்று சொல்லி, அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரே ஒரு விளக்கத்தை வரையறுக்காமல் விட்டிருக்கின்றன.

தேதியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் தங்கை வீட்டுக் கீழ்த்தளம் முழுதும் மூழ்கிவிட்டது. மொட்டை மாடியில் ஒரு இரவு முழுக்க இருந்தார்கள். மறுநாள் மீனவர்கள் சிலர் படகைக் கொண்டுவந்தபோது, தங்கையின் மாமியார் ரேஷன் கார்டு, பாஸ்புக், பத்திரம் எல்லாம் திணித்த பெரிய பையை இரண்டு கையாலும் அணைத்தபடி, இறங்க முடியாமல் நின்றிருக்கிறார். படகில் இருந்தவர், ‘பையை விடும்மா, கையைக் குடு’ என்று சத்தம் போட்டாராம். அவர் பையை விட்டார், கையைக் கொடுத்தார், படகுக்குள் தூக்கப்பட்டார். அந்த நிமிடத்தில் அவர் காப்பாற்றப்பட்டுவிட்டாரா? ஆம். ஆனால் படகு இன்னும் தண்ணீரில்தான் இருந்தது. சாலை மேட்டுக்கு வரும் வரை, மின்கம்பத்தையும் மூழ்கிய கார்களையும் தப்பி, காப்பாற்றப்பட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மூன்று வாரம் வீட்டில் சேறு அள்ளினார்கள். சுவரில் இடுப்பளவுக்கு நின்ற தண்ணீர்க் கறை அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கும் வரை போகவில்லை. வீடு முழுமையாக வீடானது அப்புறம்தான்.

புதிய ஏற்பாட்டில் இந்த மூன்று காலங்களும் இருக்கின்றன. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்று எபேசியருக்கு எழுதும் நிருபம் முடிந்த காரியமாகச் சொல்கிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது ‘இரட்சிக்கப்படுகிற நமக்கு’ என்று நடந்துகொண்டிருப்பதாக வருகிறது. ரோமருக்கு எழுதும்போது, நாம் விசுவாசிகளான காலத்தைவிட இப்போது இரட்சிப்பு அதிகச் சமீபமாக இருக்கிறது என்று இனி வரப்போவதாகப் பவுல் பேசுகிறார். இறையியலில் இவற்றுக்கு நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல், மகிமையடைதல் என்று பெயர். ரயிலில் வந்த பெரியவர் முதற்காலத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கத்தோலிக்க நண்பர் இரண்டாவதைச் சொன்னார். மோட்சத்தைப் பற்றிய உங்கள் ஊகம் மூன்றாவதைத் தொட்டது.

வெள்ளத்தில் அந்த மாமியார் அம்மா படகுக்குக் கையை நீட்டியது அவர் செய்த புண்ணியமா? விசுவாசத்துக்கும் நற்செயலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஐந்நூறு ஆண்டுகளாக நடந்த சண்டையை இந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம். தமிழருக்கு இந்தச் சண்டை புதிதும் அல்ல. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டியைப்போல் சும்மா இருந்தால் தாயே கவ்விக்கொண்டு போகுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் எத்தனை நூற்றாண்டாக வாதாடியிருக்கிறார்கள்! சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியர் லூத்தர் பூனைக்குட்டிக் கட்சி என்று சொன்னால் திருவல்லிக்கேணியில் இருப்பவருக்கு உடனே விளங்கும். விசுவாசம் மட்டுமே போதும் என்றார் அவர். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், கிருபைதான் தொடக்கம், ஆயினும் மனிதனின் சம்மதமும் ஒத்துழைப்பும் வேண்டும் என்று வரையறுத்தது. ‘விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்’ என்ற யாக்கோபின் வசனத்தை ஒரு பக்கமும், எபேசியர் வசனத்தை மறுபக்கமும் வீசிக்கொண்டார்கள். இது ஓரளவு ஓய்ந்தது 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில். லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதை ஏற்றார்கள். நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் அல்ல, கிருபையால் மாத்திரமே, அந்தக் கிருபையே நற்செயலுக்கு நம்மை எழுப்புகிறது என்பது அதன் சாரம். என்னைக் கேட்டால், நீட்டிய கை கூலி ஆகாது, ஆனால் நீட்டாமல் பையையே பிடித்துக்கொண்டிருக்கவும் அந்த அம்மாவால் முடிந்திருக்கும். பின்னால் சேறு அள்ளியதும் படகுக்கூலியாக அல்ல.

நீங்கள் ரயில் ஏறும் தாம்பரத்தில் இந்தப் பொருள் உலக அளவில் விவாதிக்கப்பட்டது என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1938 டிசம்பரில் அங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் பல நாடுகளின் திருச்சபைப் பிரதிநிதிகள் கூடினார்கள். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்றச் சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் அழுத்திச் சொன்னார். அதற்கு எதிர்நின்றவர்களுள் சென்னைச் சிந்தனையாளர்கள் சிலர் முக்கியமானவர்கள்: புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, பிறகு சென்னை மேயராகவும் இருந்த வி. சக்கரை போன்றவர்கள். செஞ்சையாவுக்கு நீதிமன்ற மொழி போதவில்லை. குற்றம் மன்னிக்கப்பட்ட பழைய மனிதனைவிட, இயேசுவில் தொடங்கிய புதிய மனிதனே, புதிய படைப்பே இரட்சிப்பு என்று அவர் வாதிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. சிலுவை அவரிடம் சற்று மங்கிப்போகிறது. ஆனாலும் அவரைப் படித்தபின் பழைய சூத்திரங்களை யோசிக்காமல் ஒப்பிக்க முடியாமல் போனது.

தனி ஆத்துமாவோடு இரட்சிப்பு நின்றுவிடுகிறதா என்பதும் இங்கே கேட்கப்பட்ட கேள்விதான். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை விட்டே ஆக வேண்டும் என்று எழுதிய கடிதம் வேப்பேரிச் சபையையும் கலக்கியது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து குடிக்க மாட்டேன் என்று வெளியேறியவர்கள் இருந்தார்கள். ‘இரட்சிக்கப்பட்டேன்’ என்று பாடிய அதே வாய்! சென்னையில் குருகுலம் என்ற லூத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஏ. பி. நிர்மல் போன்றோர் 1980-களில் தலித் இறையியலை முன்வைத்தபோது, செங்கடல் கரையில் மோசே சொன்ன பழைய பொருளுக்குத்தான் திரும்பினார்கள். வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று எழுந்து சொன்ன பிறகுதான், ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொல்கிறார். அந்த வரிசையை நான் தற்செயல் என்று கருதுவதில்லை.

கிறிஸ்தவர் அல்லாத உங்களுக்கு இதில் என்ன என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சபைகள் இதில் ஒருமிக்கவில்லை. கிறிஸ்துவை வாயால் அறிக்கையிட்டவருக்கே இரட்சிப்பு என்பார் பலர். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடப்பவர்களும் மீட்படையலாம் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. இரட்சிக்கிறவர் கிறிஸ்து என்பதில் இருசாராருக்கும் பேதம் இல்லை. அவருடைய கை எதுவரை நீளும் என்பதில்தான் பேதம். அதை அளந்து சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

உங்கள் அறை நண்பர் தேதி தெரியாமல் சங்கடப்பட வேண்டாம். பவுலுக்குத் தமஸ்கு சாலையில், மனம் மாறிய ஒரு நாள் இருந்தது. அவருடைய சீடர் தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் வந்து சேர்ந்தது. அதற்குத் தேதி எங்கும் எழுதப்படவில்லை. எந்த நாளில் தமிழ் பேசத் தொடங்கினீர்கள் என்று கேட்டால் உங்களாலும் சொல்ல முடியாது.

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், ‘எதிலிருந்து, ஐயா?’ என்று திருப்பிக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். இப்படிக் கேட்கிறவர்கள் சொல்லும் சாட்சிகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். அவற்றில் மோட்சமும் நரகமும் பிறகுதான் வரும். முதலில் வருவது ஒரு குடிப்பழக்கம், ஒரு கந்துவட்டிக் கடன், மருத்துவர் கைவிட்ட ஒரு குழந்தை, தற்கொலைக்குப் புறப்பட்ட ஒரு இரவு. அவர் கதை எதுவென்று எனக்குத் தெரியாது. மாம்பலம் வருவதற்குள் சொல்லி முடிக்க மாட்டார், அவசரமில்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.